அப்பா இறந்தார், தனியாளாக மருந்து கொடுக்கப் பழகினார் வேலூர் டாக்டரம்மா ஐடா

ஆர்.கே.பேட்டை:
ஆர்.கே.பேட்டை, சோளிங்கர் பக்கம் பெரிய வியாதி என்றால் இன்றைக்கும் பலர் வேலூர் சி.எம்.சி.க்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அதை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், தொழிலுக்குப் புதுசாக வந்தபோது பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அப்பா ஜான் ஸ்கடர் டாக்டர். ஐடாவுக்கோ அந்தத் தொழிலே பிடிக்காது.

3 பெண்கள் சாவு

1894-ல் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் 3 பேர் அடுத்தடுத்து வந்தனர். பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற ஐடாவைக் கூப்பிட்டனர். அப்பாவை அனுப்புவதாகச் சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிவிட்டனர். 3 பெண்களுமே இறந்துபோனார்கள். அதன்பிறகே ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார்.

1900 ஜனவரியில் வேலூர் வந்தார். அப்பாவிடம் தொழில் பழகலாம் என்றால், மே மாதமே அவர் இறந்துவிட்டார். சந்தேகம் வந்தால் கேட்கக்கூட ஆள் இல்லை.

வீட்டிலேயே சின்ன அறையில் வைத்தியம் பார்த்தார். அப்போது மருந்து பெரும்பாலும் அட்டையில் மாத்திரையாக வராது. பொடியை எடை போட்டு, மிக்ஸ்சரை அளந்து பாட்டிலில் ஊற்ற வேண்டும். அளவு கூடினால் உயிருக்கு ஆபத்து. குறைந்தால் நோய் போகாது. வீட்டு வேலையாள் மனைவி சலோமி மருந்து கலக்கப் பழகி, கூடவே நின்றார்.

14 பேரும் பாஸ்

1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி வந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் எங்கே தேறப்போகிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. முதல் பரீட்சையில் 14 பேரும் பாஸ்!

1960 மே 24-ந்தேதி கொடைக்கானலில் ஐடா காலமானார். வயது 89.