மறையெழுத்தை வென்ற மதியாளர் வில்லியம் பிரீட்மன்

போர்க்களத்தில் வாளேந்தி நின்ற வீரர்களுக்குச் சிலைகள் உண்டு, பரணிகள் உண்டு. மேசைமுன் அமர்ந்து, பென்சிலும் தாளுமே துணையாகப் பகைவரின் இரகசியங்களை அறிந்து நாட்டைக் காத்தவர்களுக்கோ அச்சிறப்பு எளிதில் வாய்ப்பதில்லை. அவர்களுடைய வெற்றியே வெளியிற் சொல்லத் தகாததன்றோ? அத்தகையோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், அமெரிக்க அரசாங்கத்தின் மறையெழுத்து நிபுணராய் விளங்கிய வில்லியம் பிரீட்மன் ஆவார். அவருடைய கை நம் நாட்டு விடுதலைப் போராட்ட வரலாற்றிலும் ஒருகால் படிந்ததாகலின், அன்னாரின் வாழ்க்கையை இம்மலரில் சுருங்க வரைகின்றோம்.

பிரீட்மன் 1891ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், அந்நாளில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த கிஷினெவ் நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இன்று அந்நகர் மால்டோவா நாட்டின் தலைநகராகும். யூதர்மீதிருந்த பகைமைக்கு அஞ்சி, அவர் கைக்குழந்தையாயிருந்தபோதே குடும்பத்தார் அமெரிக்கா சென்று பிட்ஸ்பர்க் நகரிற் குடியேறினர். ரஷ்யாவில் தபால் இலாகாவிற் பணியாற்றிய தந்தையார், புதிய நாட்டில் வீடு வீடாகச் சென்று தையல் இயந்திரம் விற்றுப் பிள்ளைகளைக் காத்தார். பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர்க்கு இத்துன்பம் விளக்காமலே விளங்கும். மகனார் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மரபியல் பயின்று 1914இல் பட்டம் பெற்றார்.

அவரைப் பயிர்களின் மரபை ஆராயும்பொருட்டு 1915இல் அமர்த்தியவர், சிகாகோவை அடுத்த ரிவர்பேங்க் என்னும் பண்ணையின் உரிமையாளரான ஜார்ஜ் ஃபேபியன் என்ற செல்வர். அப்பண்ணையில் வேறொரு விந்தையான ஆராய்ச்சியும் நடந்துவந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை இயற்றியவர் பிரான்சிஸ் பேகனே என்றும், அச்செழுத்துக்களின் இருவகை வடிவங்களில் அவர் அவ்வுண்மையை மறைத்து வைத்தார் என்றும் காலப் என்னும் அம்மையார் சாதித்து வந்தார். புகைப்படக் கலையில் தேர்ந்த பிரீட்மன் அவ்வெழுத்துக்களைப் பெருக்கிக் காட்டும் பணியில் உதவினார். அதே ஆராய்ச்சிக்கு 1916இல் வந்து சேர்ந்தவர் எலிசபெத் ஸ்மித் என்னும் நங்கை. காலப் அம்மையார் கண்டதாகக் கூறியதை இவ்விருவராலும் காண இயலவில்லை. மறையெழுத்தின் விடை உண்மையாயின், அதே முறையைக் கைக்கொள்ளும் எவரும் அதே விடையை அடைதல் வேண்டும். ஒருவர் கண்ணுக்கு மட்டும் புலப்படுவது விடையன்று, அவர்தம் விருப்பமே என்று அவர்கள் தெளிந்தனர். இத்தெளிவே பிரீட்மனின் பிற்காலப் பணிகளுக்கெல்லாம் அடித்தளமாயிற்று. 1917 மே மாதத்தில் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

இக்கலையின் இயல்பைச் சிறிது கூறுவோம். இரயில்வேயில் அலுவல் புரியும் நாம் சென்னை சென்ட்ரலை எம்.ஏ.எஸ். என்றும், திருச்சிராப்பள்ளியை டி.பி.ஜே. என்றும் நாள்தோறும் எழுதுகின்றோம். இவை சுருக்கக் குறிகள். அட்டவணையைப் பார்ப்பவர் யாவரும் அறிவர். ஒற்றரோ எழுத்துக்களை இடம் மாற்றியும், ஒன்றுக்கு மற்றொன்றை வைத்தும் எழுதுவர். ஆயினும் மொழியின் இயல்பை முற்றும் மறைத்தல் எளிதன்று. இரண்டு ஆங்கில வாசகங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு இடங்களில் ஒரே எழுத்து நேருக்கு நேர் நிற்கும். எழுத்துக்களைக் குலுக்கி வாரியிறைத்தாலோ நான்கு இடங்கள்கூட அமைவதில்லை. இந்நுட்பத்தைக் கருவியாக்கிப் பிரீட்மன் வரைந்த ஆராய்ச்சி 1922இல் வெளிவந்தது. ஊகமாயிருந்த கலை அன்றுமுதல் கணிதமாயிற்று.

முதல் உலகப் போரின்போது, ஜெர்மனியின் துணைகொண்டு இந்தியாவை விடுவிக்கக் கதர் கட்சியினர் அமெரிக்காவிலிருந்து முயன்றனர். பெர்லினில் அம்முயற்சிக்குத் துணைநின்றோருள் திருவனந்தபுரத்துத் தமிழராகிய செண்பகராமன் பிள்ளையும் ஒருவர். பிரிட்டிஷாரின் கையில் அகப்பட்ட கடிதங்கள் ரிவர்பேங்கிற்கு வந்தன. ஏதோ ஒரு நூலின் பக்கங்களையும் வரிகளையும் குறிக்கும் எண்களால் எழுதப்பெற்ற கடிதம் அவற்றுள் ஒன்று. நூல் கையிலில்லாமலே பிரீட்மன் அதனைப் படித்துவிட்டார். நூல் பின்னரே அகப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் அவர் சாட்சியம் கூறினார். அவ்வழக்கின் இறுதிநாளாகிய 1918 ஏப்ரல் 23 அன்று, கதர் கட்சித் தலைவர் ராம்சந்திரர் நீதிமன்றத்திற்குள்ளேயே தம் கூட்டத்தார் ஒருவரால் சுடப்பட்டு மாண்டார். குற்றஞ்சாட்டப்பெற்ற தேசபக்தர் பலர் தண்டனையுற்றனர்.

இச்செய்தி நமக்கு இனிதன்று. அடிமைத்தளையை அறுக்க முயன்றோர் சிறை புகுவதற்கு இவருடைய கல்வி கருவியாயிற்று என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், எழுதப்பட்டதையே அவர் படித்தார். எழுதப்படாததைத் தாமாகச் சேர்த்தாரல்லர். கல்வி எவர் கையிற் கருவியாகின்றது என்னும் கேள்வியை மட்டும் அவ்வழக்கு நம் முன் நிறுத்துகின்றது.

1921இல் வாஷிங்டன் சென்று இராணுவ இலாகாவிற் சேர்ந்த பிரீட்மன், 1930இல் ரௌலட், சிங்காவ், குல்பேக் என்னும் மூன்று இளைஞர்களைத் தேர்ந்து, சிறியதோர் அலுவலகத்தை அமைத்தார். ஜப்பானிய வெளிநாட்டு இலாகா 1939இல் மேற்கொண்ட புதிய மறையெழுத்து இயந்திரத்திற்கு அமெரிக்கர் இட்ட பெயர் பர்ப்பிள். அவ்வியந்திரத்தைக் கண்ணாலும் கண்டறியாத இவ்வலுவலகத்தார், ஏறத்தாழ 18 மாதம் உழைத்தனர். 1940 செப்டம்பரில் ஜெனிவீவ் குரோஜன் என்னும் பெண்மணி முக்கியமான ஒழுங்கைக் கண்டுகொள்ள, தொலைபேசி நிலையத்துச் சுவிட்சுகளைக்கொண்டே அதற்கொப்ப மற்றோர் இயந்திரத்தைச் சமைத்தனர்.

இவ்வெற்றிக்குப் பிரீட்மன் தந்த விலை பெரிது. 1941இன் தொடக்கத்தில் மனமும் உடலும் தளர்ந்து சில மாதங்கள் இராணுவ மருத்துவமனையிற் கிடந்தார். தம் மனையாளிடமும் அலுவலகச் செய்தியைச் சொல்லலாகாதென்னும் கட்டுப்பாடு வேறு. அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானியர் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கினர். படித்த செய்திகளில் தூதர்களின் பேச்சு இருந்ததேயன்றி, தாக்கப்படும் இடத்தின் பெயர் இல்லை. பகைவனின் கடிதத்தைப் படித்தலும் அவன் உள்ளத்தைப் படித்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எலிசபெத் அம்மையாரும் கணவர்க்குக் குறைந்தவரல்லர். மதுக் கடத்துவோரின் செய்திகளையும், இரண்டாம் உலகப் போரில் தென் அமெரிக்காவிலிருந்த ஜெர்மானிய ஒற்றர்களின் செய்திகளையும் வெளிப்படுத்தியவர் அவர்.

அரசாங்கம் பிரீட்மனுக்குப் பதக்கங்கள் அளித்தது. இரகசியம் கருதிப் பயன்பெறவொட்டாது தடுத்த அவருடைய கண்டுபிடிப்புக்களுக்காக 1956இல் ஒரு லட்சம் டாலரும் அளித்தது. அதே அரசாங்கத்தின் அலுவலர்களே 1958இல் அவர் இல்லம் புகுந்து, அவருடைய பழைய எழுத்துக்கள் சிலவற்றையும் இரகசியமென எடுத்துச் சென்றனர். வாழ்நாளெல்லாம் இரகசியத்தைக் காத்தவர் உள்ளம் எத்துணை நொந்திருக்கும்! இதற்கு முன்னரே, 1957இல், கணவனும் மனைவியும் ஷேக்ஸ்பியர் மறையெழுத்துக் கொள்கையை ஆராய்ந்து, அஃது ஆதாரமற்றதென நிறுவிய நூலை வெளியிட்டனர்.

1969 நவம்பரில் பிரீட்மன் மறைந்தார். ஆர்லிங்டன் இடுகாட்டில் அவர் கல்லறைமீது, அறிவே ஆற்றல் என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரை அம்மையார் பொறிக்கச் செய்தார். அவ்வெழுத்துக்கள் இருவகை வடிவின. பேகன் வகுத்த அம்முறைப்படியே படித்தால் கணவரின் பெயர் முதலெழுத்துக்கள் வெளிப்படும். 2017இல்தான் இஃது உணரப்பட்டது. 1980இல் அம்மையாரும் அங்கேயே அடங்கினார்.

ஷேக்ஸ்பியர் ஏடுகளில் எவருக்கும் அகப்படாத மறையெழுத்து இக்கல்லின்மேல் உள்ளது; முறையறிந்த எவரும் அதே விடையைப் பெறலாம். வதந்தியும் பொய்ச்செய்தியும் நொடியிற் பரவும் இந்நாளில், நாம் விரும்புவதையெல்லாம் உண்மையெனக் கொள்ளாது, பிறரும் ஆராய்ந்து காணத்தக்கதையே உண்மையெனக் கொள்வோமாயின், அதுவே அவ்வறிஞர் வாழ்விலிருந்து நாம் பெறும் பயனாகும்.