கப்பல் கம்பெனியிலிருந்து மளிகைக்கடைக்கு

மகிழ்ச்சியைத் தருவது பணமா, சொந்தக் காலில் நிற்பதா என்று மாலை நடையின்போது நாம் பேசிக்கொள்வதுண்டு. பேச்சு கடைசியில் வைப்புநிதி வட்டியில்தான் போய் நிற்கும்! இந்த முறை வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வரவு செலவைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா? கப்பலோட்டிய தமிழன் என்று அவரை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய கணக்குப் பக்கம்தான் நாம் அதிகம் போவதில்லை.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா வக்கீல், இவரும் வக்கீல். தொழிலை மட்டும் பார்த்திருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து அப்போது பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906 அக்டோபர் 16-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வணிகவியல் படித்த எனக்கு இந்த 25 ரூபாய்தான் பிடித்திருக்கிறது. பெரிய தனவந்தர் மட்டுமல்ல, சிறு வியாபாரியும் பங்குதாரர் ஆகலாம் அல்லவா? பங்குகள் ஆசியர்களுக்கு மட்டுமே. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஊர் ஊராக அலைந்த வ.உ.சி.யின் பதவி என்ன தெரியுமா? உதவிச் செயலாளர்!

1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. இவர்கள் அரை ரூபாய் என்றார்கள். அவர்களோ இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று இறங்கினார்கள். நட்டத்தைத் தாங்கும் பணபலம் யாரிடம் இருந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வ.உ.சி.யை விலைக்கு வாங்கவும் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார்.

1908 மார்ச்சில் கைது. ஜூலையில் இரண்டு ஆயுள் தண்டனைகள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். செக்கிழுத்த அதே சிறைவாசத்தில்தான் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. முந்தைய ஆண்டே கலைத்துவிட்டார்கள். காலியாவை வாங்கியவர்கள் அதே எதிர்க் கம்பெனிக்காரர்கள்.

வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்து மளிகைக்கடை வைத்தார், மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். ஒன்றும் தழைக்கவில்லை. வியாபாரத்துக்கு வேண்டிய கறார் அவரிடம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1915-ல் காந்தி ஒரு விஷயம் விசாரித்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய பணம் அவருக்கு வந்து சேர்ந்ததா? வரவில்லை. கடிதங்கள் போயின, வந்தன. இப்போதைய நிலையில் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதை வ.உ.சி. மறைக்கவில்லை. கப்பலுக்கு லட்சக்கணக்கில் பணம் திரட்டியவர் அவர். 1916 தொடக்கத்தில் அவர் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. சொந்தக் காலில் நிற்பதென்றால் யாரிடமும் எதுவும் வாங்காமல் இருப்பது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தன் கொள்கையை அவர் விற்கவில்லை. அன்பாகத் தந்ததை வாங்கிக்கொண்டார். இரண்டும் ஒன்றா என்ன?

பிறகு நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர் ஆட்சியால் அவ்வளவு பட்டும், ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் நன்மையை அவர் மறக்கவில்லை. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். வருமானம் சொற்பம். திருக்குறளுக்கு மணக்குடவர் உரை, தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை என்று பழைய நூல்களைப் பதிப்பிப்பதில் அவருடைய நேரம் போனது. அந்த வேலையில் அவர் மனநிறைவு கண்டார் என்றே நான் நம்புகிறேன். பணம் தரும் வேலை அல்ல அது.

கடைசி ஆண்டுகள் தூத்துக்குடியில். 1936 நவம்பர் 18-ல் காலமானார். அதற்குச் சற்று முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தரவேண்டிய பாக்கிகளையும் மறக்காமல் குறித்து வைத்திருந்தார்.