ஹொரேஸ் மான் கண்ட பள்ளி

அமெரிக்காவில் ஹொரேஸ் மானைப் பொதுப்பள்ளியின் தந்தை என்று போற்றுவது வழக்கம். அந்தப் பட்டத்தைவிட, அவர் கண்டுகொண்ட ஓர் எளிய உண்மையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊரின் செல்வாக்குள்ளோர் எந்தப் பள்ளியிலிருந்து தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்கிறார்களோ, அந்தப் பள்ளியின் மீதான ஊரின் அக்கறையும் அவர்களுடனேயே வெளியேறிவிடுகிறது என்பதே அது.

1796-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராங்கிளின் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பமொன்றில் பிறந்தார் மான். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். ஆண்டுக்குச் சில வாரங்களே நடந்த ஊர்ப்பள்ளியில் அவர் கற்றது கொஞ்சம். ஊர் நூலகத்தில் கற்றதே மிகுதி. தம் பெயரைச் சூட்டிக்கொண்ட அவ்வூருக்குப் பெஞ்சமின் பிராங்கிளின் அளித்த நூல்கள் அவை. ஊரார் வேண்டியதோ தேவாலயத்துக்கு ஒரு மணி!

பிரௌன் பல்கலைக்கழகப் படிப்பு, வழக்குரைஞர் தொழில், மாநில மேலவைத் தலைவர் பதவி என்று உயர்ந்துகொண்டிருந்தவர், 1837-இல் அனைத்தையும் விட்டுவிட்டுப் புதிதாக அமைந்த மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளரானார். அதிகாரம் ஏதுமற்ற பதவி. தகவல் திரட்டலாம், ஆண்டுதோறும் அறிக்கை அளிக்கலாம், அவ்வளவே. அவர் குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார். வசதி படைத்தோர் கட்டணப் பள்ளிகளை நாடியதையும், அதே மனிதர்கள் ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து பொதுப்பள்ளிக்கான வரியைக் குறைத்ததையும் கண்டார். வரி குறைந்தபோது பள்ளி நலிந்தது. நலிந்த பள்ளியைக் காட்டி மேலும் பலர் விலகினர். இந்தச் சுழலை அவர் தமது முதல் அறிக்கையிலேயே சுட்டினார்.

பன்னிரண்டு ஆண்டுகள், பன்னிரண்டு அறிக்கைகள். 1839-இல் லெக்சிங்டனில் நாட்டின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. பள்ளிகள் ஆண்டுக்கு ஆறு மாதமேனும் நடக்க வேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டே வந்தது. 1840-இல் வாரியத்தையே கலைக்க நடந்த முயற்சி சட்டமன்றத்தில் தோற்றது. பிரஷ்யப் பள்ளிகளைப் புகழ்ந்ததற்காகப் பாஸ்டன் ஆசிரியர்கள் அவர்மீது பாய்ந்தனர். படித்த தொழிலாளி கூடுதலாக ஈட்டித் தருவான் என்று முதலாளிகளிடம் அவர் வாதாடியது எனக்கு உவப்பானதல்ல. ஆயினும் வரி கட்டுவோரை வேறெப்படி இணங்கவைத்திருக்க முடியும்?

அவருடைய பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி என்றவரின் கண்முன்னே, பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி நடந்தது. அதைப் பற்றி அவருடைய அறிக்கைகள் பேசவில்லை. கறுப்பின மாணவி ஒருவரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்துப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பிய மனிதர், பொதுவெளியில் மௌனம் காத்தார். வீட்டருகே ஐந்து பள்ளிகள் இருந்தும் அவற்றைக் கடந்து தொலைவிலிருந்த பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுமி சாரா ராபர்ட்ஸின் வழக்கு, அவர் பதவி விலகிய பின் 1850-இல் தோற்றது. மாசசூசெட்ஸ் அந்தப் பிரிவினையைச் சட்டத்தால் ஒழித்தது 1855-இல். அப்போது மான் ஒஹாயோவின் அந்தியோக் கல்லூரித் தலைவராக, ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் பயிலும் கல்வியை நடத்திக்கொண்டிருந்தார். 1859-இல் மறைந்தார்.

நூறாண்டு கழித்து, இனப்பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்ற 1954 தீர்ப்புக்குப் பின், தென்மாநிலங்கள் தேர்ந்தெடுக்கும் உரிமை என்ற சொல்லைக் கையிலெடுத்தன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959-இல் தன் அரசுப் பள்ளிகளை அடியோடு மூடியது; வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நான்காண்டுகள் பள்ளியின்றிக் கழித்தனர்.

பள்ளித் தேர்வுரிமையை ஆதரிப்போர் அனைவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்ப்பது நியாயமாகாது. 1990-இல் மில்வாக்கி நகரில் வவுச்சர் திட்டத்துக்கு முன்னின்றவர் ஒரு கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர். பணக்காரருக்கு என்றும் இருந்த வாய்ப்பு ஏழைக்கும் வேண்டும் என்ற அவர்கள் வாதத்தில் வலு உண்டு. அந்தத் திட்டம் வறிய குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாகத் தொடங்கியது. 2022-இல் அரிசோனா மாநிலம் இத்தகைய உதவித்தொகையை எல்லா மாணவர்க்கும் விரித்தது. அரசுப் பள்ளியின் வாசலையே மிதித்திராத, ஏற்கெனவே தனியார் பள்ளியில் கட்டணம் செலுத்திப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் இப்போது அந்தப் பணம் உண்டு. விலகிச் செல்வோர் வரியைக் குறைப்பார்கள் என்றே மான் அஞ்சினார். அவர்கள் விலகுவதற்கான செலவை அந்த வரியே ஏற்கும் என்பது அவர் கணக்கில் இருக்கவில்லை.