நியாயஸ்தலத்திற்குத் தமிழ் தந்த வேதநாயகர்

ஒரு நாட்டின் சட்டங்கள் எத்துணைச் சிறந்தனவாயினும், அவற்றால் ஆளப்படும் குடிகள் அவற்றை அறியாராயின், அவை பேழையுட் பூட்டிய பொன்னை ஒக்கும். பொன் உளது; திறவுகோலோ பிறர் கையில் உளது. விழுப்புரம், திண்டிவனம் முதலிய ஊர்களினின்றும் இக்கல்லூரிக்கு வந்து பயிலும் எம்மனோர், தம் ஊர் நியாயஸ்தலங்களின் வாயிலில் கைப்பையும் பத்திரமுமாய் நிற்கும் குடியானவரைக் காணுந்தோறும் இவ்வுண்மையை உணர்கின்றோம். தம் வழக்கு எந்நிலையில் உளது என்பதனையே பிறரைக் கேட்டறிய வேண்டிய நிலையினர் அவர். அத்தகையோர்க்குத் திறவுகோலைக் கொடுக்க முதன்முதல் முயன்றவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்கள். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று அவரை மாணவர் யாவரும் அறிவர். நியாயஸ்தலத்தில் அவர் ஆற்றிய தமிழ்ப்பணியை அறிந்தார் சிலரே. அதனை ஒருவாறு எடுத்துரைத்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

வேதநாயகர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. இளமையில் தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்றார். அவ்வாசிரியர் நியாயஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராய் விளங்கியவர். ஆதலின் மாணவர்க்கும் இருமொழிப் புலமையோடு சட்டத்தின் மீது ஒரு பற்றும் உடன் வளர்ந்தது போலும். 1848-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் ஆவணக் காப்பாளராய் அமர்ந்த அவர், 1850-ஆம் ஆண்டில் அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆயினார்.

இப்பதவியின் இயல்பை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்து உயர்ந்த நீதிபதிகள் ஆங்கிலேயர். வழக்காளியும் சாட்சியும் பேசுவது தமிழ். இருவர்க்கும் இடையே நிற்பவன் மொழிபெயர்ப்பாளன். அவன் ஒரு சொல்லைத் தவற விடின் ஒருவனுடைய நிலம் போகும். ஒரு சொல்லை மிகைப்படுத்தின் மற்றொருவன் சிறை புகுவான். மொழியறியாமையால் ஏழைகள் படும் இடரை வேதநாயகர் நூல்களிற் கற்றாரல்லர். ஆண்டுக்கணக்காய் அன்றாடம் கண்ணாற் கண்டவர் அவர். அவர்தம் பிற்காலப் பணிக்கெல்லாம் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

1857-ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக நியமனம் பெற்றார். தரங்கம்பாடி என்றவுடன் கிறிஸ்தவ மாணவராகிய நமக்கு நினைவிற்கு வருபவர் சீகன்பால்கு ஐயர் ஆவர். 1706-ஆம் ஆண்டில் அக்கடற்கரையில் வந்திறங்கிய அப்பெரியார், தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்தார். அஃது அவ்வூரிலேயே 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. கற்றோர் சிலரே ஓதற்குரியது என்றிருந்த வேதத்தைப் பாமரரும் தம் தாய்மொழியில் ஓதுமாறு செய்தது அவ்வூர். அதே ஊரின் நியாயாசனத்தில் அமர்ந்த வேதநாயகர், வேதத்திற்கு வாய்த்த அப்பேறு சட்டத்திற்கும் வாய்த்தல் வேண்டும் என்று கருதியவர்போற் பின்னர் ஒழுகினார். இவ்விருவர் பணியையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் எமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது.

தரங்கம்பாடியினின்றும் சீர்காழிக்கும், பின்னர் மாயூரத்திற்கும் அவர் மாற்றப்பெற்றார். அங்கெல்லாம் அவர்முன் வந்தவை பெரும்பாலும் நிலம், கடன், சொத்து ஆகியவை பற்றிய உரிமை வழக்குகள். கீழ் நியாயஸ்தலத்தார் தம் மனம் போனவாறு தீர்ப்பளித்தல் இயலாது. ஒரு பொருள் பற்றி மேல் நியாயஸ்தலத்தார் முன்னர்த் தீர்த்தது எதுவோ அதனைத் தழுவியே செல்லுதல் வேண்டும். சென்னை மாகாணத்து வழக்குகட்கு அந்நாளில் மேல் நியாயஸ்தலமாய் இருந்தது சதர் அதாலத்து என்பது. அதன் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே தன் உரிமையை நிலைநாட்டும் தீர்ப்பு ஒன்று முன்னமே உளது என்பதனை அறியாமலே ஒருவன் தன் காணியை இழத்தல் கூடும். இதனினும் கொடிய வறுமை யாது?

இக்குறையை நீக்கவே வேதநாயகர் பெருமுயற்சி ஒன்றை மேற்கொண்டார். 1805-ஆம் ஆண்டு முதல் 1861-ஆம் ஆண்டு வரை வழங்கப்பெற்ற தீர்ப்புகளைத் திரட்டித் தமிழிற் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். உரிமையியல் வழக்கு நடைமுறைச் சட்டம் 1859-இலும், இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இலும் இயற்றப்பட்டு, சதர் அதாலத்து ஒழிந்து, சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தோன்றிய காலம் அது. பழையன கழிந்து புதியன புகுந்த அச்சமயத்தில், அரை நூற்றாண்டின் நீதிமுறை முழுவதையும் தமிழில் வடித்தல் எளிய செயலன்று. சட்டச் சொற்கட்கு நேர்ச்சொல் காணுதல் ஒரு தொல்லை. பொருள் திரியாமற் காத்தல் அதனினும் பெருந்தொல்லை. பகலெல்லாம் வழக்குக் கேட்டு அயர்ந்த ஒருவர் இதனைச் செய்தார் எனின், அவர்தம் ஊக்கத்தை என்னென்பது!

நீதி தவறாமையே அவர் வாழ்வின் அச்சாணி. 1859-இல் வெளிவந்த தம் நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரை அவர் கடிந்து பாடினார். பெண்கள் கல்வியின் பொருட்டும் நூல்கள் இயற்றினார். 1872-இல் அவர் பதவியினின்றும் ஓய்வு பெற்றபின், பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சாயிற்று. கதையின் ஊடே அவர் நியாயஸ்தலத்தை மறந்திலர். நீதிபதியும் வக்கீலும் கட்சிக்காரரும் தமிழராயிருக்கும் இடத்திலும் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை நகைச்சுவையோடு இடித்துரைத்தார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய கொடிய பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வீகையை வியந்து கீர்த்தனம் பாடினார். இரண்டாம் நாவலாகிய சுகுண சுந்தரி 1887-இல் வெளிவந்தது. 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

விழுப்புரம் சந்திப்பில் தெற்கே செல்லும் புகைவண்டியில் ஏறுவோர், கடலூர், சிதம்பரம், சீர்காழி ஆகியவற்றைக் கடந்து, மாயூரம் எனப்பட்ட மயிலாடுதுறையை அடையலாம். ஒரே இருப்புப்பாதையின் இரு முனைகளாகிய இவ்வூர்களின் இடையே வேதநாயகர் காலத்திற்குப் பின் நிகழ்ந்தவை பல. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழ் நீதிமன்றங்களில் தமிழ் வழங்குதற்குத் தமிழகச் சட்டம் வழி வகுத்தது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானித்தும், அங்கு ஆங்கிலமே இன்றும் ஆட்சி புரிகின்றது. முன்னர்க் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த விழுப்புரம், 1993-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதனால் திண்டிவனத்தார் மாவட்ட நீதிமன்றம் நாடிக் கடலூர் செல்லும் தொல்லை நீங்கிற்று.

நீதிமன்றங்களின் வரிசையைப் படிக்கட்டுகளாகக் கொண்டால் விளங்குதல் எளிது. நிலம், கடன் முதலிய உரிமை வழக்குகள், அவற்றின் மதிப்பிற்கு ஏற்ப, வேதநாயகர் வகித்த முன்சீப் பதவியின் வழிவந்த மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலேனும் சார்பு நீதிமன்றத்திலேனும் தொடங்கும். அவற்றின் மேல் மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என ஏறும். குற்ற வழக்குகளை நீதித்துறை நடுவரும், கொடுங்குற்றங்களை அமர்வு நீதிமன்றமும் விசாரிப்பர்.

வக்கீலுக்குக் கூலி கொடுக்க இயலாதவர் என் செய்வர்? இலவசச் சட்ட உதவி அரசின் கடமை என்று 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதிற்று. 1987-இல் இயற்றப்பெற்று 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதற்கு உருக்கொடுத்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடற்குறையுடையோர், தொழிலாளர், காவலில் வைக்கப்பட்டோர் ஆகியோர் வருவாய்க் கணக்கின்றியே இவ்வுதவிக்கு உரியர். ஏனையோர் வருவாய் வரம்பிற்கு உட்படின் உரியர். மாவட்டத் தலைநகரில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றங்களில் வட்டக் குழுவும் இதற்கென உள. எழுத்தறியாதார் வாயாற் சொல்லினும் அவர் விண்ணப்பத்தை எழுதிக்கொள்வர். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இருதிறத்தாரும் இசைந்து மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்ட வழக்கிற்கு மேல்முறையீடு இல்லை; கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இத்தனையும் சட்டத்தில் உள. எனினும் காணியை ஈடு வைத்து வழக்காடும் குடியானவர் பலர் இதனை அறியார். வேதநாயகர் காலத்தில் திறவுகோல் ஆங்கிலத்தில் இருந்தது; இக்காலத்திலோ அது தமிழில் இருந்தும் உரியவர் கைக்கு எட்டவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், எழுத்தறியாத அயலார் ஒருவர்க்கு அவர்க்கு வந்த அழைப்பாணையைப் படித்துப் பொருள் சொல்லுதலும், வறியார் ஒருவரைச் சட்டப் பணிகள் குழுவின் வாயில்வரை அழைத்துச் செல்லுதலும் இயலாத காரியங்கள் அல்ல. வக்கீல்களாய் விளங்கும் எம் பழைய மாணவர், வழக்கின் நிலையைக் கட்சிக்காரர்க்கு நல்ல தமிழில் விளங்க உரைப்பரேல், மாயூரத்து முன்சீப் தொடங்கிய தொண்டு அவர்தம் கையால் இன்னும் நடைபெறுவதாகும்.