மீனைக் காத்த நத்தை

ராபர்ட் வாரிங்டன் 1807-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். லண்டனில் ரசாயன நிபுணராக வேலை பார்த்தார்.

1849-ல் கண்ணாடித் தொட்டி ஒன்றில் 2 தங்க மீன்களை விட்டார். நீர்ச்செடியும் நட்டார். மீன் விடும் கரியமிலவாயு செடிக்கு உணவு. செடி விடும் பிராணவாயு மீனுக்கு மூச்சு. தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் இலைகள் அழுகின. கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. தண்ணீர் கலங்கியது. மீன்கள் பிழைக்குமா?

வாரிங்டன் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. நத்தை முட்டைகளோ மீன்களுக்கு இரையாயின!

1852-ல் கடல்நீர்த் தொட்டி அமைத்தார். அங்கே பாசியைத் தின்னக் கடல் நத்தைகளை விட்டார்.

1867-ல் வாரிங்டன் காலமானார். வீட்டில் கடல்மீன் வளர்ப்பவர்கள் இன்றும் பாசிக்கு நத்தையையே நம்புகிறார்கள்.