யாழைத் தேடிய துறவி



ஞாயிறு திருப்பலியில் பதிலுரைப் பாடல் பாடப்படும்போது 'யாழ்' என்னும் சொல் நம் செவியில் அடிக்கடி விழுகின்றது. தாவீது மீட்டிய கருவிக்கு நமது திருவிவிலியம் வழங்கியுள்ள தமிழ்ப் பெயர் அது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள ஆலயங்களில் அச்சொல்லைப் பாடுகின்ற நம்முள், யாழைக் கண்டவர் எத்தனை பேர்? ஆர்மோனியத்தை அறிவோம், யாழை அறியோம். அது தமிழர் கையினின்று நழுவிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதனை மீட்க உழைத்தவர் இந்நகரின் இந்துக் கல்லூரியில் அதிபராய்ப் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர்.

1892இல் காரைதீவில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார்; அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். கத்தோலிக்கக் கல்லூரிகள் இரண்டுக்கு இவ்வாழ்வில் பங்கு உண்டென்பதை ஓரளவு பெருமிதத்தோடே எழுதுகின்றேன். 1924இல் சென்னையில் இராமகிருஷ்ண சங்கத் துறவியானார். மறு ஆண்டு அச்சங்கம் திருகோணமலைக் கல்லூரியைப் பொறுப்பேற்றது. அவர் இங்கு வந்தது அதன் பயனே.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பலரும் கற்றனர். உரையாசிரியர் கூறிய நரம்புகளின் எண்ணிக்கையை மனனம் செய்தனர். செங்கோட்டி யாழுக்கு ஏழு, சகோட யாழுக்குப் பதினான்கு, பேரியாழுக்கு இருபத்தொன்று. ஆனால் அந்நரம்புகள் எழுப்பிய ஒலி யாது? விபுலாநந்தர் இவ்வினாவை விஞ்ஞான ஆசிரியரின் மனத்தோடு அணுகினார். நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் நிலையில் ஒலிக்கும். மூன்றில் இரு பங்காக்கினால் ஐந்தாம் சுரமாகிய பஞ்சமம் பிறக்கும். இவ்வளவு தெளிந்தவருக்குப் பழம்பாடல் வெறும் சொற்கூட்டமாய் இராது. அளந்து பார்க்கத்தக்க கணக்காகிவிடும்.

பத்தாண்டுகளுக்கும் மேலாக அக்கணக்கு அவரோடு பயணம் செய்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்தபோதும், 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதியில் ஆங்கிலத் திங்களிதழ் ஒன்றின் ஆசிரியராயிருந்தபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும் அவர் அதனைக் கைவிடவில்லை. தேவாரப் பண்களையும் ஆராய்ந்தார். கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. இவ்வூருக்கு உரிய அந்தப் பண்ணும் அவ்வாராய்ச்சிப் பரப்பினுள் அடங்கும். அவர் கண்ட முடிவுகள் அனைத்தையும் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் அவர்கள் வாதிடுவதற்கு ஓர் அடித்தளத்தை இட்டவர் அவரே.

1947 ஜூன் மாதம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. வெள்ளம் பெருக்கெடுத்த ஆற்றில் ஓட்டுநர் இல்லாத ஓடத்தைச் சம்பந்தர் பாடியே கரை சேர்த்தார் என்பது அத்தலத்தின் வரலாறு. கரைவலை இழுக்கையில் அம்பாப் பாட்டால் பாரம் குறைவதை அறிந்த நம் மீனவர்களுக்கு அக்கதையை விளக்க வேண்டுவதில்லை. அவருடைய கணக்கின்படி செய்யப்பட்ட கருவிகள் ஊர்வலமாய் எடுத்துவரப்பட்டு இசைக்கப்பட்டன. ஏட்டில் மட்டுமே இருந்த ஒன்று மரமும் நரம்புமாகி ஒலிப்பதை, நோயால் நலிந்திருந்த அவர் தம் செவியாலேயே கேட்டார். அக்கணத்தின் மகிழ்ச்சியை இசைக்கருவி ஒன்றைத் தம் கையால் சுருதி சேர்த்தவர்கள் ஓரளவேனும் உணர்வர்.

அதன்பின் அவர் ஏறத்தாழ ஆறு வாரங்களே வாழ்ந்தார். 1947 ஜூலை 19இல் இறைவனடி சேர்ந்த அவருடைய உடல், மட்டக்களப்பு கல்லடியில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அருகிலேயே, நிலவுக்கால இரவுகளில் நீருக்குள்ளிருந்து இசை எழும் வாவி. அவ்விசையைப் பற்றியும் அவர் பாடியுள்ளார். சில ஆண்டுகள் கழித்து, 1950களில், இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் அவ்வாவியில் எழும் ஒலியைக் கருவி கொண்டு பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது.