கன்னத்தில் இரண்டு விரல்கள்

வாய் திறக்காமல் ஒருவரின் பெயரைச் சொல்ல முடியுமா குட்டீஸ்? இரண்டு விரல்களால் வலது கன்னத்தை மெல்ல வருடுங்கள். லாரன்ட் கிளர்க்கைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று அமெரிக்காவில் காது கேளாதோர் புரிந்துகொள்வார்கள்!

கிளர்க் 1785ல் பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தார். ஒரு வயதில் அடுப்பு நெருப்பில் விழுந்ததால் கன்னத்தில் தழும்பு உண்டானது. அந்தத் தழும்பே அவரது சைகைப் பெயராகிவிட்டது. காது கேட்காமல் போனதற்கும் அந்த விபத்துதான் காரணம் என்று வீட்டார் நம்பினர்.

ஏழு வயதில் அம்மா அவரை லியோன் நகரத்து டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் சிறுவனின் காதுக்குள் ஏதேதோ திரவங்களைச் செலுத்திப் பார்த்தார். பலன் பூஜ்யம்தான். பாவம், 12 வயது வரை பள்ளிக்கூடமும் இல்லை.

1797ல் பாரிசில் இருந்த காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ழான் மாசியூ என்ற ஆசிரியர் சைகை மொழியில் பாடம் நடத்தினார். அவருக்கும் காது கேட்காது! இன்னொரு ஆசிரியர் கிளர்க்கை வாயால் பேச வைக்க முயன்றார். உச்சரிப்பு சரியாக வராததால் கோபத்தில் தாடையில் ஒரு குத்து விட்டார். நாக்கைக் கடித்துக்கொண்ட கிளர்க், இனி பேசவே முயல்வதில்லை என்று முடிவெடுத்தார். பின்னாளில் அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனார்.

1816ல் தாமஸ் காலடெட் என்ற அமெரிக்கர் அவரைத் தம் நாட்டுக்கு அழைத்தார். கப்பல் பயணம் 52 நாட்கள். கிளர்க் சைகை கற்றுக்கொடுத்தார். காலடெட் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். 1817ல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் பள்ளி திறந்தார்கள். பிரெஞ்சு சைகைகளும் மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்து, அமெரிக்க சைகை மொழி வளர்ந்தது. 1858 வரை பாடம் நடத்திய கிளர்க், 1869ல் மறைந்தார்.

11 ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூடியது. வாய்ப்பேச்சு மட்டும் போதும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பல நாட்டுப் பள்ளிகளில் சைகைக்குத் தடை வந்தது. பிள்ளைகளின் கைகளையே கட்டிப்போட்டது மாதிரி!

இன்று காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியை அறுவை சிகிச்சை மூலம் காதினுள் பொருத்துகிறார்கள். பல குழந்தைகளுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. கிளர்க்கின் டாக்டர் கனவிலும் நினைத்திராத சாதனை இது! ஆனால், எல்லோருக்கும் கருவி வந்துவிட்டால் சைகை மொழி என்னாகும் என்று காது கேளாதோர் பலர் கவலைப்படுகிறார்கள். அவர்களின் நாடகம், கதை, கேலி, கிண்டல் எல்லாம் அந்த மொழியில்தானே இருக்கின்றன? அதனால் சில பெற்றோர், கருவி பொருத்திய பிள்ளைக்குச் சைகையும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றி வைப்பது வழக்கம். அந்த நேரத்தில் அம்மாவிடம் தண்ணீர் கேட்க, கைகள்தான் உதவும்.